உனக்காக நான் கிள்ளாத துரும்பு

மலாயாவில இருக்கிற என் மகனுக்குக் காவேரிப்பட்டினத்திலிருந்து அம்மா எழுதிக்கொண்டது. சௌக்கியமான்னு கேட்டு ஆரம்பிக்க மனசு வரலை. உன் சித்தப்பாவுக்கு நீ எழுதின கடிதத்தைப் பார்த்தேன், எழுத்து வரிசை தப்பாம நேரா நிக்குது, அதனால உடம்பு நல்லாத்தான் இருக்கும். எனக்கும் மூட்டு வலியைத் தவிர ஒண்ணும் இல்லை. இந்தக் கடிதத்தை நான் ஒளிச்சு எழுதலை. ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் உரக்கப் படிச்சுக் காட்டுறேன், எதிர்ல உட்கார்ந்து மாதம்மா கேட்டுக்கிட்டே புளியங்கொட்டை தட்டுறாள். ஆமாம், உன் பொண்டாட்டி மாதம்மாதான். தீர்த்துவிடணும்னு எழுதினியே, அவளேதான். ஒளிச்சு எழுதின கடிதம் ஒண்ணு எங்களை என்ன பாடு படுத்திச்சுன்னு பின்னால சொல்றேன். அதுக்கு முன்னால விஷயத்தைச் சொல்லிடறேன். கிருஷ்ணகிரி கோர்ட்டில நான் கூண்டில ஏறி அவளுக்காகச் சாட்சி சொல்லிட்டேன். அந்தச் சாட்சி கடல் தாண்டி உன் ஊர்க் கோர்ட்டுக்கு வரப் போகுது, அங்கே யாரோ ஒருத்தர் அதை இங்கிலீஷில படிப்பார். உன் அம்மா பேச்சை நீ மொதல்ல இங்கிலீஷில கேட்கக் கூடாதுன்னுதான் இதை எழுதறேன்.

நீ போய் ஆறு வருஷம் ஆச்சு. கல்யாணமாகி எட்டாவது மாசம், ஒரு வருஷத்தில வந்து கூட்டிட்டுப் போறேன்னு அவகிட்ட சொல்லிட்டுக் கிளம்பினே. ரப்பர் தோட்டத்தில கணக்கு எழுதற கிராணி வேலை, மாசா மாசம் என் பேருக்கு மணியார்டர். மொத ரெண்டு வருஷம் உன் கடிதத்தில, மாதம்மாவுக்கும் வேண்டியதை வாங்கிக் கொடுக்கவும்னு ஒரு வரி இருக்கும். மூணாவது வருஷம் அந்த வரி காணாமப் போச்சு. அதை அன்னைக்கே கவனிச்சேன் கண்ணு. கவனிச்சதை அவகிட்ட சொல்லவும் இல்லை, ஏன்டா விட்டேன்னு உன்கிட்ட கேட்கவும் இல்லை. பணம் என் பேருக்குத்தானே வருதுன்னு இருந்துட்டேன். அதுல எனக்கு ஒரு ஜோடி கம்மல்கூட வாங்கிக்கிட்டேன். அவளுக்குத் தீபாவளிக்கு ஒரு நூல் புடவை எடுத்துக் கொடுத்துட்டு, பெரிசா செஞ்சுட்ட மாதிரி தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்போ நினைச்சா வெட்கமா இருக்குது.

அவ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. ஒரு நாள் காலையில சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டுப் பெரிய தெருப் புளி மண்டிக்குப் போனாள். மண்டிக்கார பாயை உனக்குத் தெரியும், உன் அப்பா செத்தப்போ வண்டி கொடுத்தவர். மொதல்ல ஓடு உடைக்கிற கூலிதான், அப்புறம் நார் உருவறது, கொட்டை தட்டறது. சாயங்காலம் வந்தா விரலெல்லாம் கறுத்து, நகக்கண்ணு வெந்து போயிருக்கும். உப்புத் தண்ணியில கையை வெச்சுக்கிட்டே எனக்குக் கதை சொல்லுவாள். ஒரு வருஷம் போறதுக்குள்ள ஒரு பழத்தை உடைச்சுப் பார்த்து, இது நாட்றாம்பாளையம் மலைப்புளி, இது ஆத்தோரத்துப் புளின்னு சொல்ற அளவுக்கு வந்துட்டாள். மைசூர்ப் பக்கத்திலிருந்து வர்ற வியாபாரிகிட்ட கன்னடத்திலயும், மூட்டை கொண்டு வர்ற விவசாயிகிட்ட தெலுங்கிலயும் பேசி, ரெண்டு பேரையும் சிரிக்க வெச்சே விலையை முடிச்சுடுவாளாம். மூணு பாஷையும் புழங்கற தொரப்பள்ளியில பிறந்தவளுக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு. இப்போ பாய் தராசையே அவகிட்ட விட்டுட்டார். நான் தராசைத் தொட்டா சந்தேகப்படறவன்கூட மாதம்மா நிறுத்தா மூட்டையை எடுத்துட்டுப் போயிடறான்னு அவரே என்கிட்ட சொன்னார். அந்தக் கூலியிலதான் எனக்கும் சேர்த்து உலை வெச்சாள். நீ அனுப்பின பணம் என் தகர டப்பாவில இருந்தது.

இனி அந்த ஒளிச்சு எழுதின கடிதம். போன வருஷம் ஒரு மத்தியானம் அவ கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டாள். நான் ஒரு வாய் எடுத்துட்டு, களி கிண்டக்கூடத் தெரியாதவளை என் தலையில கட்டிட்டாங்க, இதுல கட்டி இருக்குன்னு தட்டைத் தள்ளினேன். அவளும் மனுஷிதானே, மண்டியிலிருந்து வேகாத வெயில்ல ஓடி வந்து கிண்டினவ. நாளைக்கு நீங்களே கிண்டிக்குங்க அத்தைன்னு சொல்லிட்டுத் திரும்ப வேலைக்குப் போயிட்டாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. உட்கார்ந்து உனக்கு எழுதினேன். வீடு தங்கறதில்லை, ஆம்பிளைங்க நடமாடற மண்டியே கதின்னு கிடக்கறாள், எனக்கு ஒரு வாய் சோறு ஒழுங்காப் போடறதில்லை, சொல்லிக்காம அம்மா வீட்டுக்குப் போயிடறாள்னு கை வந்ததையெல்லாம் எழுதினேன். அம்மா வீட்டுக்கு அவ போனது மூணே நாள், அண்ணன் குழந்தைக்குக் காது குத்து, என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாள். களியிலயும் கட்டி கிட்டி ஒண்ணும் இல்லை, அன்னைக்கு என் குணம்தான் சரியில்லை. ஊர்ல எந்த மாமியார்தான் மகனுக்கு இப்படி எழுதலை? எழுதி அனுப்பிட்டா மனசு ஆறிடும். எனக்கும் சாயங்காலமே ஆறிடுச்சு, அவ கொண்டு வந்த வெல்லத்தைத் தின்னுக்கிட்டே சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தேன். நான் மறந்துட்டேன், நீ பத்திரமா எடுத்து வெச்சுக்கிட்டே.

அப்புறம் சித்தப்பாவுக்கு உன் கடிதம் வந்தது. இந்தக் கல்யாணம் வேண்டாம், பெரியவங்களைக் கூட்டித் தீர்த்துவிடுங்க, என் இடத்தில அம்மா இருந்து துரும்பு கிள்ளட்டும்னு எழுதியிருந்தே. நம்ம சாதியில அது எவ்வளவு சுலபம்னு உனக்குத் தெரியும். நாலு பெரியவங்க முன்னால ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளி ரெண்டாப் போட்டா, கல்யாணமும் ரெண்டாயிடும். அன்னைக்கோட யார் மேலயும் யாருக்கும் பாத்தியம் கிடையாது. சித்தப்பா வெள்ளிக்கிழமை வந்து சொன்னார், ஞாயித்துக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால கூடறதா ஏற்பாடு. சனிக்கிழமை காலையில மாதம்மாவைக் காணோம். தொரப்பள்ளிக்குப் போய் அம்மா மடியில அழறாள்னு நினைச்சேன். அவ பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போய், பாய் தன் வியாபார வழக்குக்கு வெச்சிருக்கிற வக்கீலைப் பார்த்து, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுட்டு வந்திருக்கிறாள். எனக்கு அது ஞாயித்துக்கிழமைதான் தெரிஞ்சது.

கோயில் முன்னால என் கையில துரும்பைக் கொடுத்தாங்க. உண்மையைச் சொல்லிடறேன், நான் கிள்ளத்தான் இருந்தேன். மகன் எழுதிட்டான், பெரியவங்க உட்கார்ந்திருக்காங்க, நான் என்ன பண்ணன்னு என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டு ரெண்டு விரல்ல பிடிச்சுட்டேன். அப்போ மாதம்மா எழுந்து நின்னாள். குரல் உயரலை. அவரு என்னோட வாழ மாட்டேன்னா நான் பிடிச்சு வெச்சுக்க முடியாது, தீர்த்துக்கறதுக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனா ஜீவனாம்சத்துக்கு வழி பண்ணிட்டுக் கிள்ளுங்கன்னாள். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துடுச்சு. குழந்தையா குட்டியா, உனக்கு எதுக்கு ஜீவனாம்சம்னு கேட்டார்.

“குழந்தை இல்லைங்க மாமா. வயிறு இருக்குது. ஆறு வருஷம் அவரு பேரைச் சொல்லிக்கிட்டு இந்த வீட்டுல இருந்திருக்கேன். துரும்பு கிள்ளிட்டா, நீ அவன் பொண்டாட்டியே இல்லைன்னு கோர்ட்டும் கதவைச் சாத்திடும். அதனாலதான் இப்போ வேண்டாங்கிறேன்.”

புருஷன் கடலுக்கு அந்தாண்ட இருக்கான், இங்க கோர்ட்டுக்குப் போய் என்ன ஆகும்னு ஒருத்தர் சிரிச்சார். அதுக்கும் அவகிட்ட பதில் இருந்தது. கடைசியா ரெண்டு பேரும் எங்க சேர்ந்து குடியிருந்தாங்களோ அந்த ஊருக்கு உரிய கோர்ட்டில மனு போடலாம், இந்தக் கோர்ட்டு ஒரு உத்தரவு எழுதி, சாட்சியோட சேர்த்து அவரு இருக்கிற ஊர்க் கோர்ட்டுக்கு அனுப்பும், அங்க அவரைக் கூப்பிட்டு விசாரிச்சு, சரின்னு பட்டா அவங்களே வசூல் பண்ணி அனுப்புவாங்கன்னு தராசு முள்ளைப் பார்த்துச் சொல்ற மாதிரி நிதானமா சொன்னாள். நான் துரும்பை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அவ பக்கம் பேசினேன்னு நினைச்சுக்காதே. என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா ஞாபகம் வந்தது. உனக்கு ரெண்டு வயசில அவரு கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனார். நாலு வருஷம். ஒரு சல்லிக்காசு வரலை. நான் ஊரார் வீட்டுக் கேழ்வரகு அரைச்சு உன்னைக் காப்பாத்தினேன். திரும்பி வந்து வாசல்ல நின்னப்போ நீ என் முழங்காலைக் கட்டிக்கிட்டு, யாரும்மா இந்த ஆளுன்னு கேட்டே. நான் உன்னைப் பளார்னு அடிச்சேன். அந்த வீட்டில அன்னைக்குக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான், அடி வாங்கினவனும் நீதான். அதுக்கப்புறம் என்ன பண்ணேன்? நாலு வருஷம் காசு வரலை, நான் வாயைத் திறக்கலைன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பெருமையடிச்சுக்கிட்டேன். உனக்குச் சோறு ஊட்டறப்போகூட அந்தக் கதைதான். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பொம்பளைன்னா காசு இல்லாமலே காத்துக்கிட்டு இருப்பாள்னு நினைச்சிருந்தா, அதுல பாதித் தப்பு என்னுது. மீதிப் பாதி உன்னுதுதான், அதை நான் எடுத்துக்க மாட்டேன்.

மாதம்மா மனு போட்டாள். மொத வாய்தாவுக்கு நானும் சும்மா துணைக்குப் போனேன். உன் சார்பா சித்தப்பா வெச்ச வக்கீல் எழுந்து, இந்தப் பொண்ணு புருஷன் வீட்டை விட்டு அடிக்கடி ஓடிப் போறவ, வயசான மாமியாருக்குச் சோறு போடாதவ, அதனால ஜீவனாம்சம் கேட்க அருகதை இல்லைன்னார். ஆதாரம் என்னன்னு மாஜிஸ்திரேட் கேட்டார். நீ சித்தப்பாவுக்கு அனுப்பி வெச்சிருந்த என் கடிதத்தை வக்கீல் எடுத்து நீட்டினார். குமாஸ்தா அதை அத்தனை ஜனத்துக்கு முன்னால வாசிச்சார். என் எழுத்து, என் வார்த்தை, ஆம்பிளைங்க நடமாடற மண்டின்னு நான் எழுதினது, எல்லாம். பூமி பிளந்தா உள்ளே போயிடலாம்னு இருந்தது. மாதம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. வாய்தாவைத் தள்ளி வெச்சாங்க. பஸ்ஸில என் பக்கத்திலதான் உட்கார்ந்து வந்தாள். இறங்கறப்போ என் மூட்டு வலிக்குன்னு கையைக் கொடுத்தாள். அந்தக் கையைப் பிடிச்சுத்தான் இறங்கினேன்.

அடுத்த வாய்தாவுக்கு இருபது நாள் இருந்தது. இருபது நாளும் அவ அந்தக் கடிதத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். தினமும் களி கிண்டினாள், வெண்ணெய் மாதிரி உருட்டி என் தட்டில வெச்சுட்டு மண்டிக்குப் போனாள். சாட்சி சொல்லுங்க அத்தைன்னு கேட்கலை, அழலை, பாயை விட்டுச் சொல்ல வைக்கலை. என் பிள்ளைக்கும் எனக்கும் நடுவில அவ வர விரும்பலைன்னு எனக்குப் புரிஞ்சது. அந்தப் புத்தி எனக்கு இந்த வயசிலயும் வரலையேன்னு இருந்தது. கடைசியில நானேதான் ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அவளோட வக்கீல்கிட்ட, என்னைக் கூண்டில ஏத்துங்கன்னு சொன்னேன்.

கூண்டில ஏறி நின்னேன். மாஜிஸ்திரேட் அந்தக் கடிதத்தைக் காட்டி, அம்மா இது நீங்க எழுதினதான்னு கேட்டார்.

“எழுத்து என்னுதுங்க. விஷயம் பொய்யிங்க.”

அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். வீட்டை விட்டு அவ ஓடினதில்லை, மண்டிக்குப் போனது எனக்கும் சேர்த்துச் சோறு போடத்தான், என் மகன் எனக்கு மாசா மாசம் அனுப்பறான், அவ பேருக்கு ஒத்தை ரூபா அனுப்பினதில்லை, இன்ன ஊர்ல இன்ன தோட்டத்தில வேலைன்னு உன் விலாசத்தையும் நானேதான் சொன்னேன். நீ எழுதின உறையையெல்லாம் மடியிலிருந்து எடுத்து மேஜை மேல வெச்சேன். சித்தப்பா வக்கீல் விடலை. பெத்த மகனுக்கு எதிரா யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுன்னு கேட்டார். யாராவது நல்ல புத்தி சொல்லிக் கொடுத்திருந்தா அந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேனுங்கன்னேன். மாஜிஸ்திரேட் குனிஞ்சு எழுதிக்கிட்டே சிரிச்சார். குமாஸ்தா என் வாக்குமூலத்தைத் திரும்பப் படிச்சுக் காட்டினார், சரின்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மணியார்டருக்குக் கிறுக்கற மாதிரி இல்லை, அஞ்சாம் வகுப்பில எழுதின மாதிரி நிறுத்தி முழுப் பேரும் எழுதினேன்.

மாசம் முப்பது ரூபாய் கொடுக்கணும்னு உத்தரவு ஆயிருக்குது. இது முடிஞ்ச முடிவு இல்லைன்னு வக்கீல் சொன்னார், அதையும் மறைக்காம உனக்குச் சொல்றேன். உன் ஊர்க் கோர்ட்டு உன்னைக் கூப்பிடும். உன் பக்கத்து நியாயம் எதுவா இருந்தாலும் நீ அங்க சொல்லலாம், சம்பளம் போதலைன்னாலும் சொல்லலாம். கேட்டுட்டு அவங்க உறுதி பண்ணினாத்தான் அது செல்லும், பண்ணிட்டா நீ தட்டிக்கழிக்க முடியாது. தீர்த்துக்கணும்னா இப்போ புதுச் சட்டம் வந்திருக்குது, முறையா கோர்ட்டில கேளு. அங்கேயே ஜீவனாம்சத்தையும் சேர்த்துத்தான் எழுதுவாங்க. அவ குறுக்கே நிக்க மாட்டாள், கெட்ட பேர் வெச்சு என்னை அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்னு சொல்றாள். அதுவரைக்கும் அங்க வேற எவளையும் கட்டிக்காதே, அது சட்டத்துக்கும் ஆகாது, அந்தப் பொண்ணுக்கும் பாவம்.

இந்த மாசம் உன் மணியார்டர் வந்தப்போ, வேண்டாம் திருப்பி அனுப்புன்னு தபால்காரர்கிட்ட சொன்னேன். மாதம்மா உள்ளே இருந்து வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். உங்களுக்கு வர்றது உங்க பாத்தியம் அத்தை, என்னுதைக் கேட்கத்தான் நான் கோர்ட்டுக்குப் போனேன், உங்களுதைக் கெடுக்கப் போகலைன்னு சொல்லி என்னைக் கையெழுத்துப் போட வெச்சாள். இப்படி ஒருத்தியை எனக்கு மருமகளாக் கொடுத்த சாமியைக் கும்பிடறதா, விட்டுட்ட உன்னை நினைச்சு அழறதான்னு தெரியலை. நீ தீர்த்துக்கிட்டாலும் அவ என்னோடதான் இருப்பாள், நான் கேட்டுட்டேன், சரின்னுட்டாள். அந்தத் துரும்பை இந்த உறைக்குள்ள வெச்சிருக்கேன். அதை உனக்காக நான் கிள்ள மாட்டேன். அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டு, உன் கையாலயே கிள்ளிக்கோ.

இது வரைக்கும் எழுதி முழுசையும் இன்னொரு தரம் படிச்சுக் காட்டினேன். தட்டறதை நிறுத்திட்டாள். கண்ணு கலங்கியிருந்தது. அப்புறம் கையைத் துடைச்சுக்கிட்டு, ஒரு இடத்தில மாத்தணும் அத்தைன்னாள். உன்னைத் திட்டினதைக் குறைக்கச் சொல்லப் போறாள்னு நினைச்சேன்.

“களியில கட்டி இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இருந்தது. அன்னைக்கு மண்டியில நேரமாயிடுச்சுன்னு அவசரத்தில கிண்டினேன். எனக்காகக்கூட நீங்க இன்னொரு பொய் எழுத வேண்டாம்.”

எழுதிட்டேன் கண்ணு. களியில கட்டி இருந்தது. தன் பக்கம் பேசற பொய்கூட வேண்டாங்கிற ஒருத்தியைப் பத்தித்தான் அங்க உன்னைக் கேட்கப் போறாங்க. கேட்கறப்போ நீயும் இருக்கறதைச் சொல்லு. உறையை அவ கையில கொடுத்துட்டேன், அவளே ஒட்டட்டும்.